ஆறாம் மாடிக்கு நற்கருணை

எங்கள் ஒரே மகள் கனடாவில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த காலத்தில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது.

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில், வேலை முழுவதையும் கதிரையில் இருந்தே பார்த்து ஓய்வு பெற்றவன். நடையென்றால் வெள்ளவத்தைச் சந்தை வரைக்கும் போய் மீனும் மரக்கறியும் வாங்கி வருவதுதான். மகள் ஒரு நாள் கோல் எடுத்து, "அப்பா, எனக்குப் பிரஷர் ஏறுதாம், கிழமைக்குக் கிழமை வரச் சொல்லினம்" என்றாள். அன்றிலிருந்து கால்கள் என் சொல் கேட்கவில்லை. விடிந்ததும் மரைன் டிரைவுக்கு இறங்கிவிடுவேன். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் கிடக்கும். நான் அதைப் பார்க்கிறதே இல்லை. தெஹிவளை வரைக்கும் போய்த் திரும்புவேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்ததும் மறுபடி செருப்பைத் தேடுவேன்.

மனைவி என்னைப் போல் இல்லை. அவவின் விசா விண்ணப்பம் போய் மாதக்கணக்காகியும் பதில் வரவில்லை. மகளுக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லையே என்ற துக்கம் எனக்கிருப்பதைவிட அவவுக்குத்தான் கூட இருந்திருக்கும். ஆனால் அவ செபமாலையைக் கையில் எடுத்து ஜன்னலடியில் இருந்துவிடுவா. நான் கூடத்துக்கும் குசினிக்குமாக நடப்பேன்.

"இஞ்சருங்கோ, செபமாலையில ஒரு பத்து மணியாவது என்னோட இருந்து சொல்லுங்கோவன்."

"நீர் சொல்லும். நான் நடந்துகொண்டே சொல்லுறன்."

நான் சொன்னதில்லை. வாய் அசையும், மனம் ரொறொன்ரோவில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்.

கோயிலிலும் அதே கதைதான். யாழ்ப்பாணத்தில் இருந்த காலம் தொட்டு ஞாயிறு பூசையைத் தவறவிட்டவனில்லை. ஆனால் அந்த மாதங்களில் பிரசங்கம் தொடங்கவும் எழும்பி வெளியே போவேன், வளவில் மாதா சுரூபம் வைத்த கெபியைச் சுற்றி நடப்பேன், நற்கருணை நேரத்துக்கு உள்ளே வருவேன், வாங்கிய கையோடு திரும்பவும் வெளியே. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பங்குத் தந்தை பீடத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்னைவிட வயதில் நன்றாக இளையவர், பகிடிக்காரர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கெபியடிக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, என்ர பிரசங்கம் அவ்வளவு மோசமோ?"

"ஐயோ, இல்லை ஃபாதர்..."

மகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதும் நின்று சொல்லவில்லை. அவரும் என்னோடு சேர்ந்து கெபியைச் சுற்றி வந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, செபியுங்கோ, எல்லாம் சரிவரும் என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"உங்களால இருக்க ஏலாதெண்டா இருக்க வேண்டாம். நடந்து செய்யிற வேலை ஒண்டு இருக்கு. கோயிலுக்கு வர ஏலாத நோயாளிகளுக்கு ஞாயிறில நற்கருணை கொண்டு போகோணும். எனக்குக் காணுமான ஆக்கள் இல்லை."

"நானோ? ஃபாதர், எனக்கு ஒரு செபம்கூட ஒழுங்காச் சொல்ல வருதில்லை."

"செபத்தை நீங்கள் புத்தகத்தைப் பாத்து வாசிக்கலாம். நடக்கிறதுக்கு ஆள் வேணும்."

அப்படித்தான் கொட்டாஞ்சேனையில், பேராலயத்துக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில், சில சனிக்கிழமைகள் வகுப்புக்குப் போய் வந்தேன். காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். கைகளை எப்படிச் சுத்தம் செய்வது, நற்கருணை வைக்கும் சிமிழை எப்படிப் பிடிப்பது, நோயாளியால் விழுங்க முடியாவிட்டால் எப்படிச் சின்னத் துண்டாகக் கொடுப்பது என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கோயிலில் இருந்து புறப்பட்டால் நேரே நோயாளியிடம் போக வேண்டும், வழியில் கடைக்குப் போகக் கூடாது, நின்று கதைக்கக் கூடாது, யாரைச் சுமந்துகொண்டு போகிறோம் என்ற நினைவோடு போக வேண்டும். நான் தலையாட்டினேன். மற்றவர்கள் இருந்து கேட்டார்கள், நான் பின்சுவரோடு சாய்ந்து நின்று கேட்டேன்.

எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு வீடு. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் ஒரு தொடர்மாடி, அதில் ஆறாம் மாடி. அங்கே ஒரு அம்மா பாரிசவாதத்தில் படுத்துவிட்டிருந்தா. முன்பு நேர்ஸாக இருந்தவ. வலப்பக்கம் முழுக்க வராது, கதையும் பாதிதான் வரும். கணவர் சைவ சமயக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. சமையல், உடுப்புத் தோய்ப்பது, மனைவியைத் திருப்பிப் படுக்க வைப்பது என்று எல்லாம் அவர் தனியாள்.

முதல் ஞாயிறு நான் போனபோது அவர் ஆறாம் மாடியில் இல்லை. கீழே வாசலில், தோய்த்த வேட்டியோடு, திருநீறு பூசி நின்றார்.

"நீங்கள் ஏன் இறங்கி வந்தனீங்கள்? நான் மேல வந்திருப்பன்தானே."

"சாமி வாற நேரம் வீட்டுக்காரன் வாசலில நிக்க வேணும். அவ சொல்லேல்லை, எனக்கே தெரியும்."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். கிழமை நாட்களில் சந்தையில் கண்டால் என்னை "தம்பி" என்பார். ஞாயிறில், சிமிழ் இருக்கும் சிறு பை என் கழுத்தில் தொங்கும்போது, "ஐயா" என்பார். அந்த ஐயா எனக்கில்லை என்று தெரிந்தாலும் கூச்சமாக இருக்கும். ஏனென்றால் சிமிழ் நெஞ்சின் ஒரு பக்கத்தில் கிடக்கும், மற்றப் பக்கம் சட்டைப் பையில் தொலைபேசி கிடக்கும். உண்மையைச் சொன்னால், வழி நெடுக என் கை போனது தொலைபேசிப் பக்கம்தான். அது அதிர்ந்ததா, அதிரவில்லையா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி உலகத்து மீட்பரைச் சுமந்துகொண்டு போனேன்.

நான் சொல்ல வந்த ஞாயிறுக்கு முதல் நாள் மகளை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியிலேயே மறித்துவிட்டார்கள். பிள்ளைக்கு இன்னும் மாதம் நிறையவில்லை. ஆனால் மகளின் பிரஷர் இறங்கவில்லை. விடியப்புறம் மருமகன் அனுப்பிய செய்தியில் ஒரு வரிதான் இருந்தது. 'டொக்டர்மார் கதைச்சுக்கொண்டிருக்கினம், பிறகு எடுக்கிறன்.' அந்தப் 'பிறகு' வராமலே பூசை தொடங்கி, முடிந்தது. மனைவி வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தா. பங்குத் தந்தை சிமிழை என் கையில் தரும்போது முகத்தைப் பார்த்தார்.

"ஏலுமோ அண்ணை? இல்லாட்டி நான் பின்னேரம் போறன்."

"போறன் ஃபாதர். வீட்டை போனா விசர் பிடிச்சிடும்."

தொடர்மாடி வாசலில் வழமைபோல அவர் நின்றார். வழமைபோல கும்பிட்டார். லிஃப்டுக்குள் ஏறினோம். ஆறாம் மாடிப் பொத்தானை அவர் அமத்தினார். நாலாம் மாடி கடந்ததும் ஒரு குலுக்கு. மின்விசிறி நின்றது, லைட் போனது. லிஃப்ட் அப்படியே நின்றுவிட்டது.

"கரண்ட் போட்டுது. பயப்பிடாதேங்கோ ஐயா, இப்ப ஜெனரேட்டர் வந்திடும்."

வரவில்லை. கீழே எங்கேயோ அது இருமுவது கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவர் மணியை அமத்தினார், கதவைத் தட்டினார். நான் தொலைபேசியை எடுத்து வெளிச்சம் போட்டேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மருமகன் இந்த நிமிடம் எடுத்துக்கொண்டிருப்பான். மகள் அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நடக்கலாம் என்றால் இரண்டு அடிக்கு மேல் இடமில்லை. ஒரு பக்கச் சுவரில் இருந்து மற்றச் சுவருக்குத் திரும்பினேன், திரும்பவும் திரும்பினேன்.

கீழே இருந்து காவலாளியின் குரல் வந்தது. "பொட்டக் இன்ன மஹத்தயா, பொட்டக் இன்ன!" கொஞ்சம் பொறுங்கோ என்று அவன் சிங்களத்தில் கத்தினான். அப்போதுதான் அவர் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பினேன். மனிதர் வேர்த்துக் குளித்திருந்தார்.

"தம்பி," என்றார். ஐயா போய்விட்டது. "மெழுகுதிரி கொளுத்தி வைச்சிட்டு வந்தனான் தம்பி. அவவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில. ஜன்னல் திறந்து கிடக்கு. அவவால கையெடுத்து ஊத ஏலாது."

ஒவ்வொரு ஞாயிறும் அந்த மெழுகுதிரியைப் பார்த்திருக்கிறேன். கட்டிலோடு ஒட்டிய சின்ன மேசை, அதில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி. பக்கத்திலேயே ஜன்னல் திரைச்சீலை.

அவர் கதவை இரண்டு கையாலும் பிளக்கப் பார்த்தார். நானும் பிடித்தேன். அசையவில்லை. அவர் மூச்சு வாங்கி நிலத்தில் இருந்துவிட்டார். நானும் இருந்தேன். இத்தனை மாதத்தில் ஓரிடத்தில் இருந்தது அன்றைக்குத்தான், அதுவும் வேறு வழியில்லாமல்.

"எனக்கும் ஒண்டு இருக்கு அண்ணை," என்றேன். மகளைப் பற்றிச் சொன்னேன். இவ்வளவு ஞாயிறு வந்து போயும் நான் அவருக்கு அதைச் சொன்னதில்லை. வழியில் கதைக்கக் கூடாது என்பது ஒரு சாட்டு. உண்மையில் பயத்தை வெளியே விட்டால் அது பெரிதாகிவிடும் என்று அடக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டுவிட்டு என் முழங்காலில் கையை வைத்தார். பிறகு கழுத்தில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"நான் ஒண்டு கேட்டா குறை நினைக்காதேங்கோ. இதுக்குள்ள இருக்கிறது உண்மையாவே அவர்தானோ? அடையாளத்துக்கு எண்டு வைச்சதில்லைத்தானே?"

"அவர்தான்."

"அப்ப அவரும் எங்களோட மாட்டிக்கொண்டாரோ?"

பகிடிக்குக் கேட்கவில்லை. மனிதர் அழாத குறையாகக் கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். சின்ன வயதில் இருந்து ஞானோபதேசத்தில் படித்தது, கொட்டாஞ்சேனையில் திரும்பக் கேட்டது, ஒவ்வொரு ஞாயிறும் ஆமென் சொல்லி வாங்கியது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. நான் இவ்வளவு நாளும் கிறிஸ்துவைத் தூரத்தில் வைத்துத்தான் மன்றாடிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிறவர், கனடாவில் ஏதாவது செய்யக் கூடியவர், என் குரல் அவருக்கு எட்டுகிறதோ தெரியாது என்று. அவரோ அப்பத்தின் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு, நான் போகிற இடமெல்லாம் வந்து, இப்போது கரண்ட் இல்லாத ஒரு லிஃப்டுக்குள் எங்கள் வேர்வை மணத்துக்குள் இருக்கிறார். அந்த மனிதருக்கு மெழுகுதிரி பற்றி இருக்கும் பயம் அவருக்குத் தெரியும். எனக்கு இருக்கும் பயம் தெரியும். எங்களை விட்டு இறங்கிப் போகவில்லை.

"ஓம் அண்ணை," என்றேன். "அவரும்தான்."

"அப்ப கேளுங்கோவன் அவரை."

செபப் புத்தகம் கையில் இருந்தது. ஆனால் அதில் இதற்கான செபம் இல்லை. சிமிழைப் பையோடு இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, எங்களுக்குச் சரியான பயமாக் கிடக்கு" என்று தொடங்கினேன். மேலே கிடக்கிற அம்மாவைப் பாரும் என்றேன். என் பிள்ளையைப் பாரும், அவளின் வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பாரும் என்றேன். அப்போது அவர் என் கைகளுக்குக் கிட்டே குனிந்து, கோயிலில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று கதைப்பது போல மெல்லச் சொன்னார்.

"எங்களை இதுக்குள்ள விட்டாலும் காரியமில்லை ஐயா. நீங்கள் முதல் அவவிட்டைப் போங்கோ."

இந்த ஐயா யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவைப் பிளக்க வேண்டும், தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்ற அந்தப் பதகளிப்பு கொஞ்சம் விலகியது. என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பது நான் இல்லை என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. காவலாளி இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு வந்து, இரும்புக் கம்பியால் கதவை நெம்பித் திறந்தான். லிஃப்ட் பாதி வழியில் நின்றது, எங்கள் நெஞ்சு உயரத்தில் ஐந்தாம் மாடி நிலம். முதலில் அவரைத் தள்ளி ஏற்றினேன். என்னை அவர்கள் இழுத்து எடுத்தார்கள். சிமிழை ஒரு கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்ததால் முழங்கால் உரசிப் போனது. அவர் படியில் பாய்ந்துவிட்டார். நற்கருணையோடு ஓடக் கூடாது என்று வகுப்பில் சொன்னது நினைவிருந்தது. நானும் ஓடினேன்.

மெழுகுதிரி எரிந்துகொண்டுதான் இருந்தது. நேராக, ஆடாமல். காற்று அடங்கியிருந்தது, திரைச்சீலை ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகத் தொங்கிக் கிடந்தது. அந்த அம்மா கண்ணை அதிலிருந்து எடுக்காமல் கிடந்தா. கன்னமெல்லாம் கண்ணீர். வாய் ஏதோ முணுமுணுத்தது. கணவர் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு அவவின் தலையைக் கட்டிப் பிடித்தார்.

"அருள் நிறைஞ்ச... அருள் நிறைஞ்ச..." என்றா அவ. பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, "மிச்சம்... வரேல்லை" என்றா.

வாதம் வந்ததில் இருந்து 'அருள் நிறைந்த மரியே' என்ற அந்தச் செபத்தின் மிச்சம் அவவுக்கு மறந்துபோயிருந்தது. தெரிந்த முதல் இரண்டு சொல்லை, தனிய, அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறா. நான் கட்டிலடியில் முழங்காலில் இருந்து மிச்சத்தைச் சொன்னேன். அவ என் வாயைப் பார்த்துக்கொண்டு கூடவே வந்தா. பிறகு நற்கருணையைச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுத்தேன். வழமையாக அந்த நேரம் அவர் பால்கனிக்குப் போய் நிற்பார். அன்றைக்குப் போகவில்லை. அவவுக்குத் தண்ணீர் பருக்கிவிட்டு, தலைமாட்டிலேயே நின்றார்.

பையை மடித்து வைத்த பிறகுதான் தொலைபேசி அதிர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. மனைவி.

"எங்க போட்டீங்கள்? எத்தினை தரம் எடுத்தனான்! வயித்தை வெட்டிப் பிள்ளையை எடுத்திட்டினம். பொம்பிளைப் பிள்ளை. மெஷினுக்குள்ள வைச்சிருக்கினமாம்."

"மகள்?"

"இன்னும் கண் முழிக்கேல்லை. முழிப்பாளாம்."

படியால் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கு முழுக்க நடந்தேன். மகள் கண் முழித்தாள் என்ற செய்தி பின்னேரம்தான் வந்தது.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் எல்லாவற்றையும்விட மோசம். குழந்தை உள்ளங்கை அளவு. ஒரு நாள் மூச்சு சரி என்பார்கள், மற்ற நாள் குழாயைத் திரும்பப் போடுவார்கள். ஒரு நாள் மகள் வீடியோவில் கோல் எடுத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள், முகம் வீங்கியிருந்தது. அவள் கனடாவுக்குப் போன பிறகு கோயிலை விட்டுவிட்டவள். நான் அதைப் பற்றிக் கேட்பதையும் விட்டிருந்தேன்.

"அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கையைக்கூட உள்ள விட ஏலாது."

முன்பென்றால் டொக்டர் என்ன சொன்னார், சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா என்று அடுக்கியிருப்பேன். அன்றைக்கு லிஃப்ட் கதையைச் சொன்னேன். அந்த அம்மாவின் கணவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"எனக்கு வேற ஒண்டும் தெரியாது பிள்ளை. ஆண்டவர் அந்தப் பெட்டிக்குள்ள பிள்ளையோட இருக்கிறார். உன்ர கை போகாத இடத்தில அவர் இருக்கிறார். அதை மட்டும் நம்பு."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து அவளே எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கத்தோலிக்கர் யாராவது நற்கருணை கேட்டால் கொண்டுவந்து தருவார்களாம். கேட்டிருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி வந்தாளாம், வேலை முடிந்த உடுப்போடு, கழுத்தில் சின்னப் பையைப் போட்டுக்கொண்டு.

"எத்தினை வருசத்துக்குப் பிறகு அப்பா. பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை எண்டு சொன்னன். அப்ப ஃபாதரைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டிட்டுப் போனாள். உண்மையாவே அடுத்த நாள் கூட்டிக்கொண்டு வந்தாள்."

நான் அந்தப் பிலிப்பைன்ஸ்காரியை நினைத்துப் பார்த்தேன். எந்த பஸ் ஏறி, எந்தக் குளிருக்குள்ளால் நடந்து வந்தாளோ. என் பிள்ளையிடம் போக எனக்கு வழியில்லை. அவள் போனாள்.

குழந்தை கடைசியில் வீட்டுக்கு வந்தது. இன்னும் மெலிவுதான், சளி பிடித்தால் எல்லாருக்கும் நித்திரை போய்விடும். மனைவிக்கு விசா கிடைத்து அங்கே போயிருக்கிறா. வீட்டில் நான் தனி. விடிந்ததும் இன்னும் மரைன் டிரைவுக்கு இறங்குகிறேன், தெஹிவளை வரைக்கும் போகிறேன். கால் இன்னும் அடங்கவில்லை, மனமும் முழுக்க அடங்கவில்லை. ஆனால் நடக்கும்போது தனியே கதைத்துக்கொண்டு போவதில்லை. பயமாக் கிடக்கு ஆண்டவரே என்று அவரிடமே சொல்லிக்கொண்டு போகிறேன். எதிரே வருகிறவர்கள் நான் தொலைபேசியில் கதைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம் பங்குத் தந்தை இன்னொரு வீடும் தந்திருக்கிறார். இராமகிருஷ்ண வீதிப் பக்கம், மாடியில்லை, நிலத்தோடு உள்ள வீடு. இடுப்பு முறிந்து படுத்திருக்கிற ஒரு ரீச்சர். முதல் நாளே என்னைப் பார்த்து, "கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போங்கோவன்" என்றா. கதிரையில் இருந்தேன். அவ தன் பேரப்பிள்ளைகளின் படங்களை எடுத்துக் காட்டத் தொடங்கினா.